அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்டவை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அக்கா சின்ன வயதிலிருந்தே என்னைத் திட்டுவாள். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் இருந்த பெண் மிக மரியாதையாகத்தான் கேட்டாள். உங்கள் அக்காவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யட்டுமா, தொலைபேசியில் வருவார், உங்களுக்குச் செலவில்லை என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பக்கத்து ஊர் லொங்குய்யில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் நாள் முழுக்கப் பிரெஞ்சில் வாயடித்துச் சீவிக்கிறேன். என் அக்காவின் வயிற்றுநோவைச் சொல்ல இன்னொரு வாய் வேண்டுமா? நான் இருக்கிறேன்தானே என்றேன். அவள் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டாள். குடும்பத்தவர் மொழிபெயர்ப்பார்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். இங்கே முதலில் வந்தவளும் அவள்தான். வந்த இரண்டாம் கிழமையே குளிர்கால மேலங்கி தைக்கிற தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் குந்தியவள், ஓய்வு எடுக்கும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என்னை ஸ்பொன்சர் செய்து எடுத்தாள். அத்தான் காலமான பிறகு செயின்ட்-மிஷேல் பகுதி வீட்டின் கீழ்த்தட்டில் அவள் தனியே, மேல்தட்டில் நானும் மனைவியும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. "எனக்குப் பிள்ளையில்லை எண்டு ஆர் சொன்னது? மேலை ஒண்டு இருக்குது, தலை நரைச்சுப்போய்" என்று வருகிறவர்களிடம் பகிடி விடுவாள். பிரெஞ்சில் அவளுக்கு போன்ஜூரும் மெர்சியும் தெரியும். அதற்கு மேலே கொலர், பொக்கற், உள்துணி, சிப் என்பவற்றுக்கான சொற்கள் தெரியும். வேறொன்றும் தேவைப்படவில்லை, ஏனென்றால் நான் இருந்தேன்.

கோடையில் வயிறும் முதுகும் நோகிறது என்றாள். குடும்ப டொக்டர் வாய்வு என்றார். குளிசை தந்தார். நோ போகவில்லை. திரும்பவும் போனோம், திரும்பவும் வாய்வு. பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுகியது. அவளே இரண்டு தரம் பிடித்துத் தைத்தாள். "பார், இந்த வயசிலை எனக்கு இடுப்பு வந்திருக்குது" என்று மனைவிக்குக் காட்டிச் சிரித்தாள். மூன்றாம் தரம் நான் போய் அந்த டொக்டரின் கந்தோரில் கத்திய பிறகுதான் ஸ்கானுக்கு எழுதினார்கள். ஸ்கானில் தெரிந்துவிட்டது, தொலைபேசியில் எனக்குத்தான் சொன்னார்கள். கணையத்தில் புற்றுநோய், பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, வெட்டி எடுக்க இயலாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த நோயின் பெயரை வருத்தக்காரருக்குச் சொல்வதில்லை. வீடு முழுக்கத் தெரியும், கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் மனம் விட்டுப் போய்விடும், வருத்தம் கொல்ல முதல் பயம் கொன்றுவிடும் என்பார்கள். செத்த வீட்டில், கடைசிவரைக்கும் தெரியாமலே போயிட்டார், குடுத்து வைச்ச மனிசன் என்று சொல்வதை நானே எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். சொல்லியுமிருக்கிறேன். அதனால் நான் யோசிக்கவேயில்லை. அக்காவைக் கூட்டிப்போக முதல்நாள் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புற்றுநோய் டொக்டரைப் பிடித்தேன். அக்காவுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டாம், எந்த மொழியிலும் அது அவளுக்கு விளங்கும் என்றேன்.

டொக்டர் ஒரு பெண், ஹெயிட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். இந்த நாட்டில் அப்படி மறைக்க முடியாது, ஆனால் எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பேன், அவர் வேண்டாம் என்றால் உங்களோடு பேசுவேன் என்றார். அடுத்த நாள் கேட்டார். அதை அக்காவிடம் கொண்டுபோனது என் வாய்தான்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"விளக்கமெல்லாம் உனக்குச் சொல்லவோ, எனக்குச் சொல்லவோ எண்டு கேக்கிறா."

"எனக்கேன் உந்தப் பேச்செல்லாம்? நீ கதை. சொல்லுறதைச் செய்யிறன்."

நோயாளி தன் தம்பியோடு பேசச் சொல்கிறார் என்று டொக்டரிடம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் கேள்வியில் இருந்த பாரம் முழுவதையும் வழியிலேயே இறக்கிவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். கணையத்தில் ஒரு கட்டி, மருந்தால் கரைக்கலாமாம் என்று பிறகு சொன்னேன். நல்ல கட்டியோ கூடாத கட்டியோ என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன். "கட்டியிலை என்னடா நல்லது?" என்று சிரித்தாள். எழும்பும்போது டொக்டர் என் தோளில் கைவைத்து இரண்டு தரம் தட்டினார்.

அடுத்த முறை போனபோது, கட்டிலில் விரித்திருந்த வெள்ளைக் கடதாசியிலேயே டொக்டர் பேனையால் படம் கீறிக் காட்டினார். இந்தக் கட்டி தன்னைச் சுற்றி நார் நாராக இறுக்கிக் கட்டிக்கொள்ளுமாம். உள்ளே போகிற சின்ன இரத்தக் குழாய்களும் அதில் நசுங்கிப் போகுமாம். கையில் ஊசி போட்டு மருந்தை ஏற்றினால் அது குடலுக்குப் போகும், தலைமயிருக்குப் போகும், கால்விரலுக்கும் போகும், போகவேண்டிய இடத்துக்கு மட்டும் சரியாகப் போகாது. மருந்து இல்லாமல் இல்லை, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு என்றார். அதற்குத்தான் ஒரு ஆய்வு நடக்கிறது. தொடையில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைக் கட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய், அங்கேயே வைத்து மருந்தை அமுக்கி உள்ளே விடுவார்கள். சுகமாக்கும் என்று சொல்லமாட்டேன், காலத்தைக் கூட்டலாம், நோவைக் குறைக்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார். பக்கத்தில் இருந்த அக்கா சுளை சுளையாய்த் தெரிந்த அந்தப் படத்தை எட்டிப் பார்த்து, "என்ன, தோடம்பழம் கீறுறாவோ?" என்றாள்.

அதற்குப் பிறகு டொக்டர் ஒன்று சொன்னார். உங்கள் சமூகத்தவரைப் போன்றவர்களைத்தான் இந்த ஆய்வுக்கு முக்கியமாகத் தேடுகிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக வாய்வு என்று திருப்பி அனுப்பியபோது எங்களை ஒருத்தரும் தேடவில்லை, இப்போது எலிக்குப் பதிலாக ஆள் தேவைப்பட்டதும் தேடுகிறீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னுடைய ஆட்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்றார். இப்படியான ஆய்வுகளில் வந்து சேர்கிறவர்கள் அநேகமாக மொழி தெரிந்தவர்கள், லீவு எடுக்கக்கூடியவர்கள், வெள்ளைக்காரர். மருந்து அவர்களின் உடம்பில் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் அக்காவின் உடம்பில், என் அம்மாவின் உடம்பில் என்ன செய்யும் என்று தெரியாமல் ஊகத்தில்தான் கொடுக்கிறோம் என்றார். அன்றைக்கு அந்த அறையில் எனக்கு ஆசை வந்தது. சும்மா சின்ன ஆசை இல்லை, உயிரையே பிடித்துக்கொள்கிற ஆசை. அந்த ஆய்வில் அக்காவுக்கு ஒரு இடம் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஆய்வுக்குப் பொறுப்பான நேர்ஸ் எங்களை வாசல்வரை கூட்டிவந்தாள். இரண்டு கிழமையில் சேர்ப்புப் பரிசோதனை, நிறை பார்ப்போம், இரத்தம் பார்ப்போம் என்றாள். பிறகு நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்கு இருக்கிற நிறையே மட்டுமட்டு. இதற்குக் கீழே போனால் அவரை எடுக்க முடியாது, அதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் சாப்பிடவேண்டும், சாப்பாட்டோடு இந்தக் குளிசையைப் போடவேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட்டது உடம்பில் பிடிக்காது. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கிறது, அவருடைய சமயத்துக்குச் சரிதானே என்றும் கேட்டாள். சரி என்றேன். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவளுக்கு நான் சரி என்றேன்.

"என்னவாம் அந்தப் பிள்ளை?"

"வடிவாச் சாப்பிடட்டாம்."

அவ்வளவுதான் சொன்னேன். அதை அவளுக்கு ஊரில் வைத்தியம் பார்த்த பரியாரியாரும் சொன்னார், தொழிற்சாலைச் சினேகிதியும் சொன்னாள், என் மனைவி நாளுக்கு மூன்று தரம் சொல்கிறாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பெறுமதி? கீழே போனால் எடுக்கமாட்டார்கள் என்று சொன்னால், எதற்கு எடுக்கமாட்டார்கள், ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாள். ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் கழன்றுவிடும் என்று பயந்தேன்.

வீட்டில் மனைவி இரண்டு மூன்று தரம் சொன்னாள். "இஞ்சாருங்கோ, மச்சாளுக்குச் சொல்லுங்கோ. அவ சின்னப் பிள்ளையில்லை." நான் அவள்மேல் பாய்ந்தேன். எனக்கு அக்காவைத் தெரியாதா, உனக்குத்தான் கூடத் தெரியுமா என்று கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கோபம்தான் மூடி. கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். கீழே தண்ணீர்க் குழாயின் சத்தம் கேட்கும் என்று எனக்கு யோசனை போகவில்லை. சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை. அக்கா உள்ளே வந்தால் நானும் மனைவியும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஒருநாள் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "ஏன் இப்பிடி வத்திப்போனாய்? என்ன உனக்கு?" என்றாள். ஒன்றுமில்லை, வேலை கூட என்றேன். அவள் கன்னத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

சேர்ப்புப் பரிசோதனைக்குப் போன காலை நல்ல குளிர். அக்கா திருநீறு பூசி, தலையிழுத்து, தானே தைத்த நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலம் இல்லை என்று தெரிந்தது, குளிராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே நேர்ஸ் அவளைத் தராசில் ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். இறக்கிவிட்டு, மேலங்கியைக் கழற்றச் சொல்லித் திரும்ப ஏற்றினாள். முதல் தரத்தைவிட இன்னும் குறைவு. இரண்டு கிழமையில் மூன்று கிலோ போயிருந்தது.

நேர்ஸ் என்னிடம் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். நான் இருக்கிறேனே என்றேன். இன்றைக்கு நான் அவரோடு நேரே பேசவேண்டும் என்றாள். ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்ணின் குரல் வந்தது. இளம் குரல்.

"வணக்கம்மா. கடைசி ரெண்டு வாரமா சாப்பாடு எப்படி? சரியா சாப்பிட்டீங்களான்னு நர்ஸ் கேக்கறாங்க."

அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். ஒருத்தி தன்னோடு நேரே கதைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"சாப்பிட்டனான் பிள்ளை. பேந்து கந்தசட்டி வந்திட்டுது. ஆறு நாளும் விரதம். பகலிலை தண்ணியும் இல்லை, பொழுதுபட ஒரு மிடறு பாலும் ஒரு வாழைப்பழமும். சூரன்போர் முடிஞ்சு முந்தநாள்தான் பாறணை."

அந்தக் குரல் அதை அப்படியே பிரெஞ்சாக்கியது. ஒரு சொல்லையும் கூட்டவில்லை, ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. நேர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கந்தசஷ்டி! நான் கோயில் பக்கம் போய் எத்தனை வருடம், எந்த மாதம் எந்தத் திதி என்று ஆருக்குத் தெரியும்? மனைவிக்குத் தெரியும். ஆனால், இந்தமுறை விரதம் பிடிக்கவில்லை என்று அவளிடம் அக்கா சொல்லியிருக்கிறாள். மனைவி கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவி ஒழுங்காகத் திருப்பி அனுப்பியுமிருக்கிறாள். சாப்பாடெல்லாம் கீழே ஐஸ்பெட்டியில் பைபையாகக் கட்டிக் கிடந்ததைப் பின்னேரம் கண்டோம்.

டொக்டர் வந்தார். இரத்தமும் சரியில்லை, இந்த நிலையில் குழாய் விட்டால் நாங்களே அவரைக் கொன்றுவிடுவோம் என்று என்னிடம் தனியே சொன்னார். பத்து நாளில் நிறையும் இரத்தமும் பழைய இடத்துக்கு வந்தால் ஒருமுறை திரும்பப் பார்க்கலாம், அதற்குமேல் ஆய்வின் விதி இடம் தராது என்றார். பிறகு, அவருக்கு இப்போதே உண்மை தெரியவேண்டும், நீங்கள் சொல்கிறீர்களா, அல்லது அந்தத் தொலைபேசியில் நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். அந்த முறை அவர் என் தோளைத் தொடவில்லை.

வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அட கோதாரி, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "கண்டறியாத விரதம்! ஆரைக் கேட்டுப் பிடிச்சனி? அப்பிடி என்ன நேத்திக்கடன் உனக்கு?" என்று சாகக்கிடக்கிறவளைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்குத்தான்" என்றாள் அக்கா.

எனக்கு விளங்கவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? குழாயைத் திறந்துவிட்டிட்டு நீ அழுறது கீழை கேக்கிறேல்லையோ? அந்த டொக்டர் ஒவ்வொருமுறையும் உன்னைத்தானே பாத்துப் பாத்துக் கதைக்கிறா. உன்ரை தோளைத்தானே தட்டினவ. வருத்தக்காரி நான் முன்னாலை இருக்கேக்கை உன்ரை தோளை ஏன் தட்டவேணும்? உனக்கு என்னவோ பெரிய வருத்தம். எனக்கு ஒளிக்கிறாய். அதுதான் முருகனைப் பிடிச்சன்."

ஐயோ என்று என் வாயிலிருந்து வந்தது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லைச் சொன்னேன். வெட்ட ஏலாது என்றதைச் சொன்னேன். கட்டிக்குள் மருந்து விடுகிற குழாய், ஆய்வு, நேர்ஸ் சொன்ன நிறை, பத்து நாள் தவணை, ஒன்றையும் விடவில்லை. பன்றிக் குளிசையையும் சொன்னேன். கண்ணாடி புகாரேறி வெளியே ஒன்றும் தெரியவில்லை. அக்கா என் முதுகில் கையை வைத்தாள்.

"அப்ப உனக்கு ஒண்டுமில்லையோ?"

"இல்லை அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லை."

"முருகா, நீ கேட்டிட்டாய்" என்று அவள் காரின் கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் நான் கண்டது சந்தோசம். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு தண்டனையை எனக்கு ஒருத்தரும் தந்ததில்லை.

அன்றைக்கே சாப்பிடத் தொடங்கினாள். பயந்து மூலையில் குந்தவில்லை, மனம் விடவில்லை, எங்கள் ஆட்கள் சொல்கிற ஒன்றும் நடக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, காலமை என்ன, மத்தியானம் என்ன, இடையில் என்ன என்று எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டச் சொன்னாள். முதல்நாள் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள். "பண்டியைத் தந்து என்னை ஏமாத்தினனி, என்ன? இப்ப தெரிஞ்சு விழுங்கிறன், தா. முருகன் ஒரு பக்கம் திரும்பி நிக்கட்டும்" என்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பருப்பும் நெய்யும், உழுத்தம்மாக் களி, பால்மா கரைத்த கஞ்சி. ஒரு கரண்டி, மூச்சு வாங்க நிறுத்தல், இன்னொரு கரண்டி. வியர்த்து வழியும். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலே இருந்தேன். "பாத்துக்கொண்டிராதை, நீயும் சாப்பிடு, எனக்குப் போட்டியாய்ச் சாப்பிடு" என்பாள். தைக்கிற காலத்தில் நாளுக்கு இத்தனை கொலர் என்று கணக்கு வைத்தவள் அதே பிடிவாதத்தோடு விழுங்கினாள். நாலாம் நாளிலிருந்து சத்தி, உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. சத்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்புளித்துவிட்டு, கோப்பையைத் திரும்பக் கேட்பாள். போதும் அக்கா என்று நான் கெஞ்ச, "நீ சும்மா இரு. நிறை பாக்கிறது என்னைத்தானே" என்பாள். எட்டாம் நாள் கண் மஞ்சளாகத் தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்று மனைவி சொன்னாள். நானும் வெளிச்சம்தான் என்றேன்.

பத்தாம் நாள் நான் பதிவு மேசையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சுவரோரம் ஒரு கதிரையில் தம்பியாக மட்டும் இருந்தேன். தராசு முந்தியதைவிடக் கீழே காட்டியது. பித்தக்குழாய் அடைத்திருந்தது. டொக்டர் இந்தமுறை அக்காவைப் பார்த்து, அக்காவோடுதான் பேசினார். மேசைத் தொலைபேசியில் வந்த அதே இளம் குரல் ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கியது. கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பவில்லை, தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள்.

"பிள்ளை, அப்ப என்னைச் சேர்க்க ஏலாதாமோ?"

"முடியாதுன்னு சொல்றாங்கம்மா. ரொம்ப வருத்தப்படறாங்க."

"ஓம். விளங்குது. அவவுக்கு மெர்சி எண்டு சொல்லு" என்றாள். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. டொக்டர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வழக்கமான மருந்தையும் ஏற்ற இயலவில்லை. அடைப்பை எடுத்தார்கள், நோவுக்கு மருந்து தந்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய் மருந்து அவளுக்குப் பலித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. எங்களைப் போன்ற உடம்பு அந்த ஆய்வுக்குள் போய் வரும்வரை ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. போயிருக்கக்கூடிய ஒருத்தியை வாசலில் மறித்தவன் நான். மொழி தெரியாததால் எங்கள் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று இப்போது ஆராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. என் வீட்டில் மொழி தெரிந்தவன் இருந்ததால்தான் அவள் விடுபட்டாள்.

தைமாதம் ஒரு மத்தியானம். முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கிடந்தாள். வெளியே சனம் பனி தள்ளுகிற சத்தம். சாப்பாடு நின்று இரண்டு நாளாகியிருந்தது. நான் பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நினைவு தெளிவாகத்தான் இருந்தது.

"தம்பி, முதல்தரம் நிறை பாத்தவைதானே, விரதத்துக்குப் பிறகு. எவ்வளவு குறைஞ்சிருந்தது?"

பொய் சொல்ல எனக்கு ஒரு வினாடி இருந்தது. சொல்லவில்லை.

"மூண்டு கிலோ அக்கா."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

அவள் முகட்டைப் பார்த்து யோசித்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கத் தெரிந்திருக்கும், கோபம் எனக்குப் பழக்கமான சாமான். அவளிடம் அது இல்லை. என் கையிலிருந்த பஞ்சைத் தள்ளிவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தாச் சாப்பிட்டிருப்பன் தம்பி" என்றாள்.